துரைக்கு ஊசி போட்ட மாடக்கண்ணு

வடகரை மாடக்கண்ணுவின் அய்யாவுக்கு ஆண் பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர் பட்டாளத்துக்குப் போனார். அடுத்தவர் போலீசில் சேர்ந்து ஏட்டாக ஓய்வு பெற்றார். மூன்றாமவர் வயலையும் தென்னையையும் பார்த்துக்கொண்டு வடகரையிலேயே இருந்துவிட்டார். நாலாவதாகப் பிறந்த மாடக்கண்ணுவுக்குத் துப்பாக்கியும் ஒத்துவரவில்லை, மண்வெட்டியும் ஒத்துவரவில்லை. தாய்மாமன் ஒருவர் குற்றாலத்தில் மெயின் அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு சாரல் நேரத்தில் போனவர்தான். முப்பத்துநாலு சீசன் ஆகிவிட்டது. வீடு மட்டும் பக்கத்து ஊரான மேலகரத்தில்.

அவர் கையைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஒரு தடவு தடவினாரென்றால், இவன் லாரி ஓட்டுகிறவன், இவன் கடையில் நின்றே வியாபாரம் பார்க்கிறவன் என்று சொல்லிவிடுவார். சென்னையிலிருந்து வருஷா வருஷம் வருகிறவர்கள் அவர் வரும்வரைக்கும் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றதுண்டு. இத்தனை வருஷத்தில் அவர் கைபட்டு ஒருவருக்கும் ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லை. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். சொல்ல வேண்டியதை அவர் பெண்டாட்டி தங்கத்தாயே சொல்லிவிடுவாள்.

துரை என்பது அவர்கள் வீட்டுச் செவலைப் பூனை. அதற்கும் வம்சாவளி உண்டு. அதன் தாய் பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி வளர்த்த மூன்று நிறப் பூனை. அந்தப் பூனையின் தாய், பீவியின் மகள் ஜன்னத் வாழ்க்கைப்பட்ட செங்கோட்டை வீட்டிலிருந்து மஞ்சப்பையில் வந்து இறங்கியது. தகப்பன் யாரென்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. மீன்கடைச் செவலையின் மேல்தான் தெருவில் எல்லாருக்கும் சந்தேகம். மாடக்கண்ணுவின் ஒரே மகள் உமாராணிதான் குட்டியைக் கேட்டு வாங்கி வந்தவள். வாரத்துக்கொரு தரம் சண்டை போட்டுக் காது கிழிந்து வருகிறதென்று குடும்பக் கட்டுப்பாடு செய்வித்தவளும் அவள்தான். அதன்பின் துரைக்குச் சண்டை மறந்துபோயிற்று. சோறும் தூக்கமும்தான் வேலை. உமாராணி கல்யாணமாகிக் கடையத்துக்குப் போன நாள் முதல் தங்கத்தாய் அதற்குச் சால்னாவில் ஊறவைத்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுப் பழக்கினாள். ஒன்பது வயசுக்குள் அது நடந்து வந்தால் வயிறு தரையைப் பெருக்கியது.

போன வருஷம் சித்திரையில், கொல்லைப்புறத்தில் அது ஒன்றுக்குப் போகிற மணல் சட்டியில் எறும்பு சாரை பிடித்திருந்ததைத் தங்கத்தாய் பார்த்தாள். மஞ்சள்பொடியைத் தூவினாள். மறுநாளும் எறும்பு. சுவர்மேல் எட்டிப் பார்த்த ஹாஜரா பீவி சிரித்துவிட்டாள். அந்தம்மாளுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் தானே வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறவள்.

"ஏட்டி தங்கம், எறும்பு எதுக்கு வருதுன்னு நினைக்க? மணலத் திங்கவா? எனக்கும் இப்படித்தாம்ட்டி மொதல்ல தெரிஞ்சுது. ஒம் பூனைக்குச் சுகர்."

"போங்கக்கா. பூனைக்கு எங்கயாவது சுகர் வருமா? அது என்ன ஆபீசுக்கா போயிட்டு வருது?"

"ஆபீசுக்குப் போனா ஏன் வருது, ஒன்ன மாதிரி ஆளு வீட்ல இருந்தாத்தான் வரும். தண்ணி எம்புட்டுக் குடிக்குன்னு பாரு."

பார்த்தால் துரை குடத்தடியில் இருக்கிற கிண்ணத்தைக் காலையிலேயே காலி செய்துவிட்டு, துணி துவைக்கிற கல்லில் தேங்கியதை நக்கிக்கொண்டு நின்றது. அன்று சாயந்திரம் மாடக்கண்ணு அருவியிலிருந்து வந்ததும் அதை மடியில் போட்டு முதுகைத் தடவினார். வயிறு அப்படியேதான் இருந்தது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கெட்டியாக இருந்த சதையைக் காணோம். விரலை ஓட்டினால் எலும்பு ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது.

"இது ஒடம்பு இல்லட்டி. வெறும் சட்ட" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தென்காசியில் நாய், பூனைக்குப் பார்க்கிற நிவேதா டாக்டருக்கு முப்பது வயசிருக்கும். காய்கறிக் கூடையில் வந்த துரையைக் கீழே விட்டு நடக்கவைத்துப் பார்த்தாள். அது பின்னங்காலைக் குதிகால் வரைக்கும் தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தது. காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். நானூற்றிப் பத்து.

"சுகர்தான் அண்ணாச்சி. பயப்பட வேண்டாம், வீட்ல வச்சே பாத்துக்கலாம். ஆனா ஆறு மணின்னா ஆறு மணிதான். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

"மாத்திரையாத் தாயி?"

"ஊசி."

தங்கத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். டாக்டர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். இன்சுலின் குப்பியைக் குலுக்கக்கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். பிரிட்ஜ் கதவில் வைக்கலாம், ஐஸ் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. சிவப்பு மூடி ஊசியில் ஒரே ஒரு கோடு மருந்து. முதலில் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால்தான் ஊசி. பிடரியில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். சோறு, பரோட்டா, பால் எல்லாம் நிறுத்தம். உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழி, மீன், முட்டை.

"இது எங்களவிட நல்லாச் சாப்பிடும் போலயே" என்றார் மாடக்கண்ணு.

"சாப்பிடட்டும். திடீர்னு தள்ளாடுச்சு, கிறங்குச்சுன்னா சுகர் எறங்கிட்டுன்னு அர்த்தம். ஒடனே தேனோ சர்க்கரைத் தண்ணியோ ஈறுல தடவுங்க. எனக்கு போன் போடுங்க."

"சர்க்கரை வியாதிக்காரனுக்குத் தேனா?" என்று வீடு வரும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள் தங்கத்தாய்.

முதல் ஊசி அன்று ஹாஜரா பீவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். ஆறே நாளில் எல்லாம் பழகிவிட்டது. காலை ஊசி மாடக்கண்ணுவுடையது. ஊசி போட்டுவிட்டுத்தான் எண்ணெய்க் குப்பிகளைப் பையில் எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புவார். அவர் சாயந்திரம் வர முன்னே பின்னே ஆகும் என்பதால் சாயந்திர ஊசி தங்கத்தாயுடையது. அவள் ஒரு கையில் கரண்டியோடு வருவாள், குத்துவாள், "போ" என்பாள், அடுப்புக்குப் போய்விடுவாள். மூன்று வாரத்தில் துரை குடிக்கிற தண்ணீர் பாதியாகக் குறைந்தது. எறும்பு நின்றுபோயிற்று.

ஆனால் ஒரு சங்கதி மட்டும் தங்கத்தாய்க்கு விளங்கவில்லை. காலையில் எட்டு மணிவாக்கில் துரை ஒரு மாதிரிக் கிறங்கிப் போய்க் கிடக்கும். கூப்பிட்டால் காது மட்டும் அசையும். பத்து மணிக்கு மேல் தானே எழுந்து வந்து சாப்பாடு கேட்கும். சாயந்திர ஊசிக்குப் பிறகு அப்படி ஒன்றும் இல்லை. மாடக்கண்ணுவிடம் சொன்னாள்.

"காலம்பற எல்லாருக்கும் அசதியாத்தாம்ட்டி இருக்கும்."

"ஒங்களுக்கு இருக்கும். பூனைக்கு என்ன அசதி?"

அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் மலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. மெயின் அருவியில் தண்ணீர், பாதுகாப்புக்குக் கட்டியிருக்கிற வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. போலீஸ் கயிறு கட்டி ஒருவரையும் குளிக்கவிடவில்லை. குளிக்க ஆளில்லை என்றால் எண்ணெய் தேய்க்கவும் ஆளில்லை. மாடக்கண்ணு மத்தியானமே வீட்டுக்கு வந்து, வேலையில்லாத கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் ஆறு மணி ஆனது.

"இன்னைக்கு நானே போடுதேன். நீ ஒன் வேலையப் பாரு" என்றார்.

துரை அவித்த சாளை மீனைத் தின்றது. ஊசியும் போட்டாயிற்று. போட்டுவிட்டு அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஏழரை மணிக்குத் துரை எழுந்து இரண்டடி வைத்தது. பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்பவும் எழுந்தது. சுவரில் போய் முட்டிக்கொண்டு விழுந்தது. கால் நாலும் வெட வெடவென்று நடுங்கின. கண் திறந்திருந்தது. ஆனால் ஆளைத் தெரியவில்லை.

"ஐயோ, ஏங்க! துரையப் பாருங்க!"

தங்கத்தாய் போட்ட சத்தத்தில் ஹாஜரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தாள், கையில் தன்னுடைய சுகர் பார்க்கிற மிஷினோடு. காதோரம் குத்திப் பார்த்தால் முப்பத்தெட்டு.

"தேன எடுட்டி! பாத்துக்கிட்டே நிக்கியே!"

மாடக்கண்ணு மலைத்தேன் குப்பியில் விரலை விட்டு, பூனையின் உதட்டைத் தூக்கி ஈறில் தடவினார். திரும்பத் தடவினார். தங்கத்தாய் டாக்டருக்கு போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். "நல்லா இருக்குன்னு சொல்லுங்கம்மா, நல்லா ஆயிரும்னு சொல்லுங்க" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. கால் மணி நேரம் கழித்துத் துரை நாக்கை நீட்டி மூக்கில் ஒட்டியிருந்த தேனை நக்கியது. பிறகு மாடக்கண்ணுவின் விரலை நக்கியது. திரும்பப் பார்த்ததில் எண்பது. கொஞ்சம் கோழி வைத்ததும் தின்றது.

"காலையில ஊசி போட வேண்டாம். நேரே தூக்கிட்டு வாங்க, ரெண்டு பேருமே வாங்க" என்றாள் டாக்டர் போனில்.

உயிர் பிழைத்தது என்றதும் சண்டை வந்தது. பயம் தெளிந்தால் வருகிற சண்டைதான்.

"ரெண்டு கோடு இழுத்துட்டியளா?"

"எனக்குக் கண்ணு தெரியலங்கியா? ஒரே கோடுதான். நீ போடுததுதான் பாதி வெளிய ஒழுகிப் போவுது. அதான் சாயந்திரம் ஒண்ணும் ஆகல. முழுசாப் போட்டா இப்படி ஆகும்போல இருக்கு."

"ஆமா, நான் ஒழுக விடுதேன். ஒங்க கைதான் தங்கக் கை."

ஹாஜரா பீவி இரண்டு பேரையும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிடுங்க. பூனைய நான் தூக்கிட்டுப் போறேன்" என்றதும்தான் பேச்சு அடங்கியது.

மறுநாள் டாக்டர் குப்பியைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், கோட்டைக் காட்டச் சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு ஊசியில் மருந்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீரை எடுத்து, "வீட்ல எப்படிப் போடுவீங்களோ அப்படியே எனக்குப் போட்டுக் காட்டுங்க. ஒண்ணும் விடக்கூடாது" என்றாள்.

தங்கத்தாய் முதலில் போட்டாள். குத்தினாள், எடுத்தாள், "போ" என்றாள். கரண்டி ஒன்றுதான் குறைவு.

அடுத்து மாடக்கண்ணு. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். தோலைத் தூக்கினார். குத்தினது துரைக்கே தெரியவில்லை. டாக்டர்கூட, "என்னைவிட நல்லாப் போடுதீங்க" என்றாள். அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு ஊசியை வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, குத்தின இடத்தில் கட்டைவிரலைப் பதித்தார். மெல்ல ஒரு வட்டம். பிறகு பிடரியிலிருந்து தோள்வரைக்கும் ஒரு இழுப்பு. திரும்ப வட்டம். துரை கண்ணை மூடிக்கொண்டு கர் கர் என்றது.

டாக்டர் கிட்டே வந்து குனிந்து அந்த விரலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"எது?"

"இப்பச் செய்யுதீங்களே."

"இதுவா? குத்துன இடம் வலிக்கும்லா தாயி. கொஞ்சம் பிடிச்சு விடுதேன்."

"தினமும் செய்வீங்களா?"

"காலம்பறன்னா பத்து நிமிஷம். அருவிக்குப் போகணும்லா. நேத்துத்தான் வேலையில்லாம இருந்தேன், முக்கா மணி நேரம் நல்லாப் பிடிச்சு விட்டேன்."

தங்கத்தாய் மெல்ல நெற்றியில் கை வைத்தாள்.

"அண்ணாச்சி, கைய எடுங்க" என்றாள் டாக்டர். சொன்ன குரலில் கோபம் இல்லை. "இந்த மருந்து தோலுக்கு அடியில ஒரு பொட்டு மாதிரி நிக்கணும். அங்கன இருந்து கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல சேரணும். நீங்க சூடு பறக்கத் தேய்ச்சா, ரத்த ஓட்டம் கூடி, மருந்து வேகமா உள்ள எறங்கிருது. ராத்திரி வரைக்கும் வேண்டியது ரெண்டு மணி நேரத்துல தீந்துபோவுது. அதான் கிறங்குது."

"தேய்ச்சா ரத்த ஓட்டம் வரும்னுதான் தாயி ஊர் ஊரா இருந்து எங்கிட்ட வாராங்க."

"அதேதான். அதனாலதான் வேண்டாங்கேன்."

மாடக்கண்ணு கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் வைத்தார், மடியில் வைத்தார், கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டர், சுகர் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கி இனி ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் காதில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்றும், நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் தனக்குச் சொல்ல வேண்டும் என்றும் தாளில் எழுதிக்கொடுத்தாள். அவருக்கு அது காதில் ஏறியதா என்று தெரியாது. தங்கத்தாய்தான் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது தங்கத்தாய் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும், "இனிமே ரெண்டு நேரமும் நீயே போடு" என்றார்.

"ஏன்? கைக்கு என்ன வந்துச்சு?"

"கொல்லப் பாத்த கைட்டி இது."

"ஆமா, பெரிய கொலகாரக் கை. தெரியாம செஞ்சது."

ஆனாலும் அவர் தொடவில்லை. துரை தானாக வந்து மடியில் ஏறினாலும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் அருவியில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, பச்சப்பிள்ளையத் தடவுத மாதிரித் தடவுறீங்க? நல்லாப் பிடிங்க" என்று கேட்டதும்தான் தன் கை அங்கேயும் தயங்குகிறதென்று அவருக்கே தெரிந்தது.

இரண்டு நேர ஊசியும் தங்கத்தாய் பொறுப்பில் ஆவணி, புரட்டாசி கழிந்தன. துரைக்குக் கிறக்கம் வரவே இல்லை. முதுகில் சதை வைத்தது. ஊசிக்கு முன்னால் பார்த்தால் சர்க்கரை முந்நூறில் நின்றது இருநூற்றைம்பதாயிற்று, இருநூறாயிற்று. பின்னங்கால் மட்டும் இன்னும் பதிந்து பதிந்துதான் நடந்தது. புரட்டாசி கடைசியில் அதைப் பார்த்த டாக்டர், "அண்ணாச்சிய விட்டுத் தொடையில லேசாப் பிடிச்சு விடச் சொல்லுங்கம்மா. ஊசி போட்ட பக்கமே போகக்கூடாது, தொடை மட்டும்" என்றாள். தங்கத்தாய் வந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். செய்யவில்லை.

ஐப்பசியில்தான் இக்கட்டு வந்தது. உமாராணிக்குத் தலைப்பிள்ளை இங்கே மேலகரத்தில் பிறந்தது. இரண்டாவதை மாமியார் வீட்டிலேயே, கடையத்திலேயே வைத்துக்கொள்வதென்று பேச்சு. மாமியாருக்குக் கண்ணில் ஆபரேசன் ஆகியிருந்தது. தங்கத்தாய் போயே ஆகவேண்டும். பதினைந்து நாளாவது இருக்கவேண்டும். ஹாஜரா பீவியோ ஜன்னத்தைப் பார்க்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தாள்.

"நீங்கதான் போடணும்" என்றாள் தங்கத்தாய், பெட்டியில் சேலையை அடுக்கிக்கொண்டே.

"கூடையில வச்சு நீ கொண்டுபோயிருட்டி."

"பச்ச ஒடம்புக்காரி இருக்க வீட்டுக்குப் பூனையக் கொண்டு போறேன்னு சொன்னா சம்பந்தி என்னப் பாத்துச் சிரிப்பா. இங்க பாருங்க. குத்துதது நீங்கதான் என்னைவிட நல்லாக் குத்துவிய. குத்துனதும் கைய எடுத்துருங்க. அம்புட்டுத்தான்."

"அது தானா போகுதேட்டி. நானா செய்யுதேன்?"

தங்கத்தாய் யோசித்தாள். "சரி. ஆறு மணிக்கு வீடியோவுல வாரேன். போட்டு முடிச்சதும் ரெண்டு கையையும் எனக்குக் காட்டணும்."

அப்படித்தான் நடந்தது. காலை ஆறு, மாலை ஆறு, கடையத்திலிருந்து போன் வரும். மாடக்கண்ணு அதை அரிசி டின்னில் சாய்த்து வைப்பார். துரை சாப்பிடும். காதில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். குப்பியை உருட்டுவார், ஒரு கோடு இழுப்பார், தோலைத் தூக்கிக் குத்துவார். "கைய!" என்று போனிலிருந்து சத்தம் வரும். திருடன் போலீசிடம் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் தூக்குவார். அந்தப் பக்கம் மருமகனும் மூத்த பேரனும் சேர்ந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் நாள் அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவரும் சிரித்தார். ஐந்தாம் நாள் பேத்தி பிறந்தாள். அன்று சாயந்திரம் வீடியோவில் பேத்தி முகத்தைக் காட்டினார்கள். "ஊசி போட்டுட்டுப் பாக்கேன்" என்றார். போட்டு, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பார்த்தார்.

அன்றைக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மடியில் வந்து படுத்த துரையின் பின்னந்தொடையில் விரலை வைத்தார். லேசாகப் பிடித்தார். பிடரிப் பக்கம் போகவில்லை. கை போகப் பார்த்தது, அவர் விடவில்லை.

பத்தாம் நாள் காலை. துரை சாப்பிட்டு முடித்துவிட்டது. காதில் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. மிஷின் சரியில்லையோ என்று இன்னொரு பட்டையை மாட்டித் திரும்பவும் பார்த்தார். நூற்றி ஒன்று.

"என்ன நின்னுட்டிய? போடுங்க, ஆறு அஞ்சு ஆகுது" என்றாள் தங்கத்தாய் போனில்.

"போடல."

"போடலையா?"

"நூத்தைம்பதுக்குக் கீழ இருந்தாப் போடக்கூடாதுன்னு ஒந் தாள்ல எழுதியிருக்கு. நூறுதான் இருக்கு."

"அது சரி, வயித்துல சாப்பாடு இருக்குல்லா. இப்பம் சாப்பிட்டதுக்கு ஏறிருமே. இத்தன மாசம் ஒரு நேரம் தப்பாமப் போட்டுட்டு வந்தேன். நீங்க ஒரு நாளு பாத்து விட்டுட்டு, அது திரும்ப நானூறுக்குப் போச்சுன்னா? அரைக்கோடாவது போடுங்க."

"போடலட்டி."

"அப்ப நான் சொல்லுததக் கேக்க மாட்டிய."

"கேக்க மாட்டேன். கைய எடுன்னு சொன்னே, எடுத்துட்டேன்."

அவள் கோபத்தில் போனை வைத்துவிட்டாள். முன்னொரு தரம் செய்யக்கூடாததைச் செய்து துரையைச் சாகக் கொடுக்கப் பார்த்தார். இப்போது செய்ய வேண்டியதைச் செய்யாமல் கெடுக்கிறோமோ? நிரப்பாத ஊசி அப்படியே தட்டில் கிடந்தது. டாக்டருக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. ஆறேகாலுக்குத் திரும்பவும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அரிசி டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது முகத்தைக் கழுவியது, காலை நக்கியது, ஜன்னல் திண்டைப் பார்த்தது. ஒரு எம்பு எம்பி ஏறி உட்கார்ந்துகொண்டது. சித்திரைக்குப் பிறகு அது அத்தனை உயரம் ஏறினதில்லை.

ஏழு மணிக்கு டாக்டரே கூப்பிட்டாள். இரண்டு எண்ணையும் கேட்டாள். ஊசி போட்டீர்களா என்று கேட்ட குரலில் ஒரு பயம் இருந்தது.

"போடல தாயி."

"நல்ல வேளை அண்ணாச்சி! போட்டிருந்தா இன்னைக்கு அது தாங்கியிருக்காது. சாயந்திரமும் போடாதீங்க. பாத்து மட்டும் சொல்லுங்க."

சாயந்திரம் நூற்றிப் பன்னிரண்டு. மறுநாள் நூற்றி நாலு. அதற்கு மறுநாள் துரையைக் கூடையில் வைத்துத் தென்காசிக்குக் கொண்டுபோனார். டாக்டர் பார்த்துவிட்டு, சில பூனைகளுக்குச் சாப்பாட்டைச் சரி செய்து, ஊசியும் சரியாகப் போட்டு வந்தால், உடம்பு தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்துவிடும் என்று சொன்னாள். திரும்பவும் வரலாம், வராமலும் இருக்கலாம். பரோட்டா மட்டும் ஆயுசுக்கும் கிடையாது. வாரம் இரண்டு தரம் காதில் குத்திப் பார்த்தால் போதும். ஊசி வேண்டாம்.

அந்தச் சேதியை அவர் தங்கத்தாய்க்குச் சொல்லவில்லை. டாக்டரையே சொல்லவைத்தார். அரை மணி நேரம் கழித்துக் கடையத்திலிருந்து போன் வந்தது.

"என்ன, ஜெயிச்சுட்டிய போல?"

"நான் என்னத்தட்டி ஜெயிச்சேன். ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தேன்."

"அதத்தான் சொல்லுதேன். ஒண்ணும் செய்யாம உக்காரதுக்கு ஒங்களுக்கு அறுபத்தோரு வயசு ஆகியிருக்கு." பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "இனிமே ஆறு மணிக்கு அங்கன கெடக்கணும்னு இல்லல்லா? பிள்ளையப் பாக்க எப்ப வாரிய?"

ஹாஜரா பீவி செங்கோட்டையிலிருந்து அன்று மத்தியானம் வந்து இறங்கினாள். சங்கதியைக் கேட்டு, "இருபது வருசமா நான் குத்திக்கிட்டுக் கெடக்கேன். இந்தப் பயலுக்கு ஆறு மாசத்துல விடுதலையா?" என்று துரையைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அதற்கு இரண்டு நாளைக்கு வேண்டிய கோழியை வாங்கி வரச் சொல்லி ஆளை அனுப்பினாள்.

மறுநாள் விடிகாலை ஆறு மணிக்குத் துரை சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் அரிசி டின் பக்கத்தில் போய்ப் பிடரியைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தது. மாடக்கண்ணு வேட்டி மாற்றிக் கையில் பையோடு நின்றிருந்தார்.

"எந்திரிலே, போலே. இன்னைக்கு ஒண்ணும் கெடையாது" என்றார்.

அது நம்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவரும் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவாக எழுந்து சோம்பல் முறித்து, கொல்லைப் பக்கம் நடந்து போன பிறகுதான் கதவைச் சாத்தினார். சாவியைப் பீவியிடம் கொடுத்துவிட்டுக் கடையத்துக்குப் பஸ் பிடிக்கப் போனார்.